‘வரை’ என்று எழுதியிருந்ததே, பார்த்தீர்களா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபைபர் இணையத்தைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 500 எம்பிபிஎஸ் (நொடிக்கு 500 மெகாபிட்) திட்டம் எடுத்தேன். கணினியைக் கேபிளில் இணைத்தாலும் 94-க்கு மேல் ஏறவில்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா? (செந்தூல்)

பதில்: இல்லை. 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. உங்கள் கணினியிலோ ரௌட்டரிலோ பழைய 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்க வேண்டும், அல்லது கேபிள் பழுது. நூறுக்கு நான்கு கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். புதிய கேட்-5இ கேபிள் ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரவு எட்டு மணிக்குமேல் பேரனோடு வீடியோவில் பேசினால் படம் உறைந்துவிடுகிறது. தொலைபேசியில் அழைத்த விற்பனையாளரிடம் இதைச் சொன்னேன். “வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும், அம்மா” என்று 300-லிருந்து ஒரு ஜிகாவுக்கு மாற்றிவிட்டார். பில் கூடியது; படம் இன்னும் உறைகிறது. 24 மாத ஒப்பந்தமாம். (ஆயர் ஈத்தாம்)

பதில்: அம்மா, தவறு உங்களுடையதன்று. வீடியோ அழைப்புக்கு நான்கைந்து எம்பிபிஎஸ் தாராளம். முந்நூறு வைத்திருந்தவருக்கு ஆயிரம் விற்றது, தாகத்துக்குக் கிணறு இருக்கும்போது ஏரியை விற்ற கதை.

என் பழைய ஆத்திரத்தை இங்கே கொட்டிவிடுகிறேன். விளம்பரத்தில் ‘1 ஜிகா’ பலகை அளவுக்கு இருக்கும். அதன் பக்கத்தில் ‘வரை’ என்ற சொல் எறும்பளவு இருக்கும். பரவலாக இருக்கும் ஜிபான் (GPON) என்ற ஃபைபர் முறையில் ஓர் இழையின் ஒளியைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடக் கொடுப்பார்கள். வீடுகளுக்கு இறங்கும் திசையில் எல்லாருக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.5 ஜிகா, ஏறும் திசையில் அதில் பாதி. மேலே அனுப்பும்போது ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன் முறை வரும்வரை காத்திருந்துதான் அனுப்ப வேண்டும். இது ஏமாற்று அன்று, நல்ல பொறியியல். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குப் பின் ஊரே படம் பார்க்க உட்காரும்போது நெரிசல் எங்கே ஏற்படும், அதற்கு நிறுவனம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டு மில்லி நொடி போதும். உங்கள் படம் உறைவது தூரத்தால் அன்று. எங்கோ ஒரு வரிசையில் தரவு காத்திருக்கிறது, அல்லது தொலைந்துபோகிறது. தாமதம், அதன் ஏற்ற இறக்கம், இழப்பு ஆகிய மூன்றையும் எந்த விற்பனையாளரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று இரவுகள், ஒரே நேரத்தில், வைஃபையில் அல்லாமல் கேபிள் வழியாக வேகத்தைச் சோதித்து, தாமதத்தையும் எழுதி வையுங்கள். பேரன் ஊரிலிருந்தால் அவனையே செய்யச் சொல்லுங்கள். பிறகு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். விற்பனையாளர் உங்களிடம் பேசிய அழைப்பின் ஒலிப்பதிவைத் தரும்படி கேளுங்கள். அபராதமின்றிப் பழைய திட்டத்துக்குத் திருப்பும்படியும் கேளுங்கள். மழுப்பினால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போங்கள். சேவைத் தரத்துக்குக் கட்டாய விதிகளை வைத்திருப்பது அவர்கள்தாம். தனியே போகத் தயக்கமாக இருந்தால், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது.

கேள்வி: ‘வேகம் இரட்டிப்பாகும்’ என்ற 19 ரிங்கிட் வைஃபை பெருக்கியை வாங்கினேன். வேகம் பாதியானது. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஜெலுத்தோங்)

பதில்: பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 19-க்காகப் போவீர்களா என்பது உங்கள் ரோஷத்தைப் பொறுத்தது.

கேள்வி: மகன் இணையத்தில் விளையாடும்போது பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லி நொடியிலிருந்து 300-க்குத் தாவுகிறது. ‘கேமிங் ரௌட்டர்’ வாங்கலாமா? (கெப்போங்)

பதில்: நான் வாங்கினேன். எட்டு ஆண்டெனாவோடு, மல்லாந்த நண்டு மாதிரி, 899 ரிங்கிட்டுக்கு. தொலைக்காட்சி அலமாரிக்குள் வைத்து மூன்று மாதம் பெருமைப்பட்டேன். பிங் மாறவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது: அதே நேரத்தில் வீட்டுக் கண்காணிப்புக் கேமராவும் என் மனைவியின் கைப்பேசியும் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தன, விளையாட்டின் சிறு செய்திகள் அவற்றின் பின்னால் வரிசையில் நின்றன. இப்போதுள்ள ரௌட்டரிலேயே எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று சொல்லும் சேவைத் தர அமைப்பு (QoS) இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பதிவேற்ற வரம்பை நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காடாக வையுங்கள். செலவு இல்லை. அந்த நண்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.

கேள்வி: வீடு மாறுகிறேன். புதிய கொண்டோவில் இந்த நிறுவனத்தின் ஃபைபர் இல்லை. மீதி மாதங்களுக்கு அபராதம் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: இப்போது படியுங்கள். இடமாற்ற விதி அதில் இருக்கும்.

கேள்வி: அலமாரியைத் தள்ளும்போதெல்லாம் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. (பாயான் லெப்பாஸ்)

பதில்: அலமாரிக்குப் பின்னால் இழை மடிந்திருக்கிறது. கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். 3 டெசிபல் போனாலே பாதி ஒளி போயிற்று. வரும் தொழில்நுட்பரிடம் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் (dBm) என்ற அலகில் அது மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் பெட்டி தடுமாறும். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவர் வருவதற்குள் அந்த அலமாரியையும் நகர்த்தி வையுங்கள்.