மச்சான் பேரில் கார் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் 11 வருஷம் கார் ஓட்டியவன் நான். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து, பேசிக் தியரி என்ற சாலைவிதித் தேர்வு எழுதி லைசென்ஸை மாற்றிக்கொண்டேன். இப்போது பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். காப்புறுதிக்குக் கேட்டால், சிங்கப்பூர் லைசென்ஸ் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, புதிதாக ஓட்டப் பழகியவன் கணக்கில் பிரீமியம் சொல்கிறார்கள். ஊரில் எனக்கு 50 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்கான பிரீமியத் தள்ளுபடி) இருந்தது. என் மச்சான் நிரந்தரவாசி. அவர் பேரில் காரைப் பதிந்து, இன்சூரன்ஸும் அவர் பேரிலேயே போட்டால் மிச்சம் என்கிறார் கார் விற்பவர். செய்யலாமா?
- ஒரு வாசகர், செங்காங்

பதில்: வேண்டாம் தம்பி. கார் விற்பவருக்குக் கார் விற்றால் சரி. விபத்து நடந்தால் அவரா வந்து நிற்கப்போகிறார்?

விண்ணப்பப் படிவத்தில் 'முக்கிய ஓட்டுநர் யார்?' என்று ஒரு கேள்வி இருக்கும். தினமும் வேலைக்கு ஓட்டிப்போவது நீங்கள். அங்கே மச்சான் பெயரை எழுதினால் அது பொய். பிரீமியம் வாங்கும்போது யாரும் தோண்ட மாட்டார்கள். கிளெய்ம் வரும்போதுதான் யார் ஓட்டினார், எங்கே போனார், கார் இரவில் யார் வீட்டுக் கார்பார்க்கில் நிற்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் கார் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். காயம்பட்ட மூன்றாம் நபருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கவும் வழி உண்டு.

அந்த மிச்சமும் நிச்சயமில்லை. மச்சானிடம் ஏற்கெனவே கார் இருந்தால், அவருடைய நோ கிளெய்ம் தள்ளுபடி அந்தக் காரோடு போய்விட்டது. அதையே இரண்டாவது காருக்கும் காட்ட முடியாது. நீங்கள் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்க்கும் தள்ளுபடியும் அவர் கணக்கில் ஏறும். பின்னால் காரைப் பதிவு நீக்கினால், சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றில் மீதமுள்ள காலத்துக்குக் கிடைக்கும் கழிவும் அவர் பேருக்குத்தான். குடும்பத்துக்குள் இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் 11 வருஷத்தைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். ஊரில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலக் கடிதம் கேளுங்கள்: கார் எண், பாலிசி தொடங்கி முடிந்த தேதிகள், கிளெய்ம் இல்லை என்ற வரி, கடைசி போனஸ் விழுக்காடு. இந்திய லைசென்ஸில் புதுப்பித்த தேதியைப் பார்த்துவிட்டு உங்களைப் புதியவர் என்று நினைத்துவிடுவார்கள். முதன்முதலில் கொடுத்த தேதி தெரியும்படி ஆர்டிஓவிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இங்கும் அங்கும் 50 விழுக்காட்டை எட்ட 5 வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்ட வேண்டும். ஆனால் வெளிநாட்டுத் தள்ளுபடியை ஏற்பது கம்பெனியின் விருப்பம். சில ஏற்கும், சில தலையாட்டாது. நாலைந்து இடம் கேளுங்கள். ஏற்பதாகச் சொன்னால் வாய்வார்த்தையை நம்பாமல் மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். யாரும் ஏற்காவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கி வருஷத்துக்கு 10 விழுக்காடாக ஏற வேண்டியதுதான்.

பிரீமியத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். எக்ஸஸ் (கிளெய்மில் நீங்கள் கைக்காசாகக் கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு, 2 வருஷ அனுபவம் நிறையாதவர் என்று அதற்குமேல் கூடுதல் எக்ஸஸ் வைத்திருக்கிறார்களா, இந்திய அனுபவத்தை அந்த 2 வருஷத்தில் சேர்ப்பார்களா? இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். 200 வெள்ளி மலிவு என்று எடுத்த பாலிசியில் ஒரு பம்பர் உரசலுக்கே 3,000 வெள்ளி கைக்காசு என்றால் என்ன லாபம்?

அப்புறம், மாடி கார்பார்க்கில் லேசாக உரசினாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். 'நமக்குள் முடித்துக்கொள்வோம்' என்று எதிராளி சொன்னாலும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சேர்த்த தள்ளுபடி போகலாம்.

மச்சான் எப்போதாவது ஓட்டுவார் என்றால், கூடுதல் ஓட்டுநராக அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை.