டோக்கியோவில் விழுந்த டைசன் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை வைத்து நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றாரே, அதோடு அவர் கதை முடிந்தது என்கிறேன் நான். பயப்படாமல் எதிர்த்து நின்ற முதல் ஆளிடமே விழுந்தவரை எப்படி மாவீரர் என்பது? நண்பர்களோ, எட்டாவது சுற்றில் டக்ளஸ் பத்து நொடிக்குமேல் தரையில் கிடந்தார், நடுவர்தான் காப்பாற்றினார் என்கிறார்கள். உங்கள் கருத்து?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர்கள் கட்சியை முதலில் முடித்துவிடலாம். டைசனின் வலக்கை அப்பர்கட்டில் (கீழிருந்து மேல்நோக்கி வீசும் குத்து) டக்ளஸ் விழுந்ததும், கடிகாரப்படி பத்து நொடிக்குமேல் கிடந்ததும் உண்மை. ஆனால் விழுந்தவர் கவனிக்க வேண்டியது நடுவரின் எண்ணிக்கையைத்தான்; அவர் பத்து சொல்வதற்குள் எழுந்தால் போதும். நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் எண்ணத் தொடங்கியதே தாமதமாக. டக்ளஸ் எரிச்சலில் தரையில் ஒரு குத்து விட்டார், நடுவரைப் பார்த்துக்கொண்டே இருந்து ஒன்பதில் எழுந்தார். தவறு என்றால் அது நடுவருடையது.

உங்கள் வாதமும் நிற்காது. 1986இல் ஜேம்ஸ் டில்லிஸ் பத்துச் சுற்றும், 1987இல் டோனி டக்கர் பன்னிரண்டு சுற்றும் டைசனை எதிர்த்து நின்றார்கள். டக்கர் முதல் சுற்றிலேயே ஒரு அப்பர்கட்டில் டைசனை உலுக்கினார். இருவரும் புள்ளிகளில் தோற்றார்கள். ஆக, துணிச்சல் மட்டும் போதவில்லை.

டைசனின் கை வீச்சு 71 அங்குலம், டக்ளஸுடையது 83. இந்த ஓரடி இடைவெளியைக் கடப்பதற்காகவே அமைந்தது டைசனின் பாணி. இரு கையுறைகளும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். எதிராளியின் ஜாப் (முன்கையை நேராக நீட்டி விடும் குத்து) வரும்போது தலை பக்கவாட்டில் நழுவும், அந்த நழுவலிலேயே கால் உள்ளே போகும். உள்ளே போனதும் விலாவுக்கு ஒரு ஹூக் (கையை வளைத்து வீசும் குத்து), அதே கையால் தாடைக்கு அப்பர்கட். குத்தி முடித்ததும் தலை மறுபடி நகர்ந்தாக வேண்டும். அது நின்றுவிட்டால் மிச்சம் இருப்பது நெட்டையான ஆளின் முன்னால் அசையாமல் நிற்கும் ஒரு குட்டையான ஆள், அவ்வளவுதான்.

டோக்கியோவில் அது நின்றுபோயிருந்தது. இந்தப் பாணியைப் பழக்கிய பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988இலேயே டைசன் விலக்கிவிட்டார். ஒற்றைப் பெரிய குத்தை நம்பி நேர்கோட்டில் வந்தார். டக்ளஸ் ஜாப், உடனே வலக்கை என்று தொடுத்தார். டைசன் நெருங்கினால் அவர் கைகளைப் பிடித்துப் பூட்டிக்கொண்டார்.

இடது கண் வீங்கியபோது டைசனின் கார்னரில், அதாவது அவருடைய உதவியாளர்கள் இருந்த மூலையில், என்ஸ்வெல் இல்லை. பனிக்கட்டியில் குளிரவைத்து வீக்கத்தின்மேல் அழுத்தும் சின்ன உலோகத் துண்டு அது. இரண்டு சுற்றுக்கு நடுவே கிடைப்பது ஒரே நிமிடம், அதற்குள் குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இவர்கள் ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி ஒற்றினார்கள். தண்ணீர்ப் பையில் அழுத்தம் எங்கிருந்து வரும்? கண் மூடிக்கொண்டது, அந்தப் பக்கமிருந்து வந்த வலக்கைக் குத்துகள் தெரியவில்லை. உலகச் சாம்பியன் கார்னரில் இப்படி ஒரு கூத்து!

பத்தாவது சுற்றில் ஒரு அப்பர்கட், தொடர்ந்து நான்கு குத்துகள். டைசன் தரையில் தவழ்ந்து பல்கவசத்தைத் தேடியெடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்வியபடி எழப் பார்த்தார்; நடுவர் பத்து எண்ணி முடித்து அவரை அணைத்துக்கொண்டார். ஒன்பது சுற்று முடிவில் ஒரு நீதிபதி 87-86 என்று டைசனுக்கே முன்னிலை தந்திருந்தார் என்பது தனி நகைச்சுவை.

தோல்வி ஒருவரின் இடத்தைப் பறிப்பதில்லை. அந்தக்கால உலகச் சாம்பியன் ஜோ லூயிஸ் 1936இல் ஜெர்மன் வீரர் ஷ்மெலிங்கிடம் விழுந்தார், 1938இல் முதல் சுற்றிலேயே கணக்குத் தீர்த்தார். இன்னொரு சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் 2001 ஏப்ரலில் ரஹ்மான் என்ற வீரரிடம் வீழ்ந்து நவம்பரில் திருப்பிக் கொடுத்தார். டைசன் டக்ளஸை மறுபடி சந்திக்கவே இல்லை. அதற்கு டக்ளஸும் ஒரு காரணம். அதே 1990 அக்டோபரில் 246 பவுண்டு உடம்போடு வந்து ஹோலிஃபீல்டு என்ற வீரரிடம் மூன்றாம் சுற்றில் படுத்துவிட்டார். ஆனால் ஹோலிஃபீல்டை 1996இலும் 1997இலும் சந்தித்தும் டைசனால் வெல்ல முடியவில்லை. 1986–88இன் டைசனை யாருக்கும் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் மொத்த வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் லூயிஸ் இருவருக்கும் கீழேதான் வைப்பேன்.

நண்பர்களோடு உட்கார்ந்து 1986 நவம்பரில் டைசன் பெர்பிக்குடன் மோதிய சண்டையின் இரண்டாம் சுற்றையும் டோக்கியோவின் ஐந்தாம் சுற்றையும் சத்தத்தை அணைத்துவிட்டு அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். குத்துகளை விடுங்கள், ஒவ்வொரு குத்துக்கும் பிறகு டைசனின் தலை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.