கோடையில் முட்டை ஓடு மெலிவது ஏன்? தீவனத்தில் சுண்ணாம்பைக் கூட்டினால் தீருமா?

கேள்வி கேட்டவர் நாமக்கல் பக்கம் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை, வைத்திருப்பவர். மார்ச் பிறந்தாலே ஓடு மெலிந்து, உடைசலும் தோல்முட்டையும் (ஓடு படியாமல் சவ்வோடு வரும் முட்டை) கூடிவிடுகின்றன என்றும், பலர் சொன்னபடி தீவனத்தில் சுண்ணாம்பைக் கூட்டியும் பலனில்லை என்றும் எழுதியிருக்கிறார். தீவனக் கலவை வகுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால், கோடைதோறும் இதே கேள்வி வேறு வேறு வடிவங்களில் என்னிடம் வந்து சேர்கிறது. சுண்ணாம்பைக் கூட்டச் சொன்னவர்கள் முழுக்கத் தவறாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் ஓட்டின் ஒரு பாதியைப் பற்றி மட்டுமே அவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அறுபது கிராம் எடையுள்ள முட்டையின் ஓடு ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறு கிராம் இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்குக் குறையாமல் கால்சியம் கார்பனேட்தான். கால்சியம் கார்பனேட்டை எடையளவில் பிரித்தால் கால்சியம் நாற்பது விழுக்காடு, கார்பனேட் அறுபது விழுக்காடு. அதாவது ஐந்தரை கிராம் கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 2.2 கிராம், கார்பனேட் 3.3 கிராம். இந்த இரண்டாவது பங்கு தீவனத்தில் போடும் சுண்ணாம்புக் கல்லிலிருந்து அப்படியே ஓட்டுக்குப் போவதில்லை. கல்லில் உள்ள கார்பனேட் வயிற்று அமிலத்திலேயே நுரைத்து வாயுவாகிவிடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டைக் கோழி தன் உடலில் உண்டாகும் கரியமில வாயுவைக் கொண்டே ஆக்கிக்கொள்கிறது. முட்டை ஓட்டுச் சுரப்பியில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி அந்த வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்ற, அது கார்பனேட்டாகிக் கால்சியத்துடன் சேர்ந்து ஓட்டில் படிகிறது. இந்த நொதி எவ்வளவு இன்றியமையாதது என்பது 1944ஆம் ஆண்டிலேயே நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்துவிட்டது: அந்த நொதியைத் தடுக்கும் சல்ஃபா மருந்தைக் கோழிகளுக்குக் கொடுத்தபோது ஓடு கெட்டு, தோல்முட்டைகள் வந்தன. முட்டையிடும் கோழிகளுக்கு விவரம் தெரிந்தவர்கள் சல்ஃபா மருந்து கொடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வெயிலுக்கு வருவோம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். ஷெட்டின் வெப்பம் முப்பதைத் தாண்டும்போது, அது அலகைத் திறந்து, தொண்டையை அதிரவிட்டு, மூச்சிரைத்துத்தான் உடலைத் தணித்துக்கொள்ள முடியும். ஈரம் ஆவியாவதோடு கரியமில வாயுவும் மிகுதியாக வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் கரியமில வாயு குறையக் குறைய அதன் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சமன்செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றத் தொடங்குகிறது. ஓட்டின் மூலப்பொருள் இப்படி மூச்சிலும் எச்சத்திலுமாகப் போய்விடுகிறது. காரத்தன்மை ஏறிய இரத்தத்தில் கால்சியம் புரதத்தோடு கூடுதலாக ஒட்டிக்கொள்வதால், ஓட்டுச் சுரப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய அயனி நிலைக் கால்சியமும் குறைகிறது. போதாக்குறைக்கு, வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோல், கொண்டை, தாடி ஆகியவற்றுக்குத் திருப்பப்படுவதால் உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் இரத்தவோட்டமும் தளர்கிறது. இந்நிலையில் தீவனத்தில் எத்தனை மூட்டை சுண்ணாம்பு சேர்த்தாலும் அதைப் பிணைக்க மறுபாதி இல்லை.

இதற்கு மிக அழகான சான்றாக நான் கருதுவது 1985இல் பவுல்ட்ரி சயன்ஸ் இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. வெப்பத்தில் வைக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் கோழிகளுக்குக் குடிநீராகச் சோடா நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதாவது கரியமில வாயு ஏற்றிய நீர். ஓட்டின் தரம் மேம்பட்டது. நடைமுறையில் எந்தப் பண்ணையாளரும் கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயில் சோடா விடப்போவதில்லை. ஆயினும் கோடையில் குறைவது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கால்சியத்தின் பக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நாளொன்றுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்கு நான்கு விழுக்காடு கால்சியம் உள்ள தீவனம் 4.4 கிராம் கால்சியத்தைத் தருகிறது. வெயிலில் அதே கோழி 90 கிராமோடு நிறுத்திக்கொண்டால் கிடைப்பது 3.6 கிராம்தான், அதிலும் ஏறத்தாழப் பாதியே உடலில் சேரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முட்டைக்கே போதாது. ஆகவே உட்கொள்ளும் அளவு குறைந்ததற்கு ஏற்ப விழுக்காட்டை உயர்த்துவது நியாயமே. அதற்கு மேலும் கொட்டினால் தீவனம் மண்போலாகி, கோழி இன்னும் குறைவாகத் தின்னும். பாஸ்பரசு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றின் உறிஞ்சலும் கெடும். பாஸ்பரசை மிகுதியாக வைப்பதும் ஓட்டுக்கு நல்லதல்ல என்பதால், ஃபைட்டேஸ் (தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரசை விடுவிக்கும் நொதி) சேர்க்கும் பண்ணைகள் அதற்கேற்ப டி.சி.பி.யை, அதாவது பாஸ்பரசுக்காகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டை, குறைத்திருக்கின்றனவா என்று நான் முதலில் பார்ப்பது வழக்கம். குறைக்காதவர்களே மிகுதி.

அளவைவிட நேரம் முக்கியம் என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. காலை எட்டு மணிக்கு முட்டையிட்ட கோழியில் அரைமணி நேரத்துக்குள் அடுத்த மஞ்சள் கரு வெளிப்படுகிறது. அது வெண்கருவும் சவ்வும் பெற்று, பிற்பகல் ஒன்று, ஒன்றரை மணி அளவில் ஓட்டுச் சுரப்பியை வந்தடைகிறது. அங்கே பதினெட்டு முதல் இருபது மணி நேரம் தங்குகிறது. முதல் சில மணி நேரத்தில் படிவு மெதுவாகவே நடக்கும். விறுவிறுப்பான படிவு மாலையில் தொடங்கி விடியற்காலை வரை நீடிக்கிறது. அதாவது விளக்கை அணைத்து, தீவனத் தொட்டி காலியாகி, கோழி தூங்கிக்கொண்டிருக்கும் வேளையில்தான் ஓட்டின் பெரும்பகுதி உருவாகிறது. அந்நேரத்தில் குடலில் கால்சியம் இல்லையென்றால் கோழி எலும்பிலிருந்து எடுக்கிறது. முட்டைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் தொடை எலும்பு போன்றவற்றின் உட்பொந்தில் இதற்கென்றே ஒரு தனி எலும்புத் திசு வளர்கிறது. மஜ்ஜை எலும்பு எனப்படும் இது பெண் பறவைகளுக்கே உரியது. (2005இல் ஒரு டைரனோசரஸ் தொடை எலும்பில் இத்தகைய திசுவைக் கண்டதாக அறிவித்து, அது பெண்தான் என்று முடிவு கட்டினார்கள், அதன்மேல் இன்னும் விவாதம் நடக்கிறது.) இரவுதோறும் கரைந்து பகலில் நிரம்பும் இந்தச் சேமிப்பிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் எலும்பு நலிந்து, கோழி கூண்டுக்குள் காலை நீட்டிப் படுத்துவிடும்.

பொடிக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் வருகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்பு விரைவாகக் கரைந்து சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரையுள்ள கல்லோ கிளிஞ்சல் கிரிட்டோ அரைவைப்பையில் தங்கி, இரவு முழுதும் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே மொத்தச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கு கல்லாகவும் ஒரு பங்கு பொடியாகவும் இருக்கட்டும். வயது முதிர்ந்த பேட்சுகளில் (ஒன்றாக வளர்க்கும் ஒரே வயதுக் கோழிகளில்) கல்லின் பங்கை இன்னும் கூட்டலாம். கல்லைத் தீவனத்தில் கலப்பதோடு நில்லாமல், ஒரு பகுதியைப் பிற்பகலில், நான்கு மணிக்கு மேல், தொட்டியில் தனியே தூவிவிடுவது நல்லது. விருப்பப்படி எடுத்துக்கொள்ளக் கிளிஞ்சலைத் தனியே வைத்தால், முட்டையிடும் கோழி அதை மாலையில்தான் மிகுதியாகக் கொத்துகிறது என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. எப்போது வேண்டும் என்று அதற்கு நம்மைவிட நன்றாகவே தெரிகிறது.

கார்பனேட் பக்கத்தில் நாம் செய்யக்கூடியது ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். ஒரு டன் தீவனத்துக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்து, அதிலுள்ள சோடியத்துக்கு ஈடாகச் சாதாரண உப்பைக் குறைக்க வேண்டும். உப்பைக் குறைக்காமல் சோடாவை மட்டும் சேர்த்தால் எச்சம் நீர்த்துப்போகும் என்பதோடு, குளோரைடும் அப்படியே நின்றுவிடும். குளோரைடு மிகுந்தால் ஓடு கெடும். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி அதிலிருந்து குளோரைடைக் கழிக்கும் கணக்கைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் மோன்ஜான் 1981இல் முன்வைத்தார். தீவனக் கலவை வகுப்பவர்கள் கிலோவுக்கு 250 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளின் மின்னேற்றத்தைக் கணக்கிடும் அலகு) என்ற அவருடைய அளவையே இன்றும் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆப்பசோடா ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. இதற்கான விளக்கத்தைச் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பால்நேவ் 1997இல் உடன் ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட ஆய்வில் காணலாம்: ஓடு உருவாகும் நேரத்தில் கோழி அத்தீவனத்தைத் தின்ன வழியிருந்தால்தான் சோடா பலன் தருகிறது. இதுவும் நேரக் கணக்குதான். நடுஇரவில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுத் தீவனம் காட்டும் வழக்கம் சில பண்ணைகளில் இருக்கிறது. கோடைக்கு அது பொருத்தமானது என்றே நான் சொல்வேன்.

அதே பால்நேவ் 1980களில் செய்த மற்றொரு வரிசை ஆய்வு நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. குடிநீரில் லிட்டருக்கு இரண்டு கிராமும் அதற்குக் குறைவாகவும் சாதாரண உப்பைக் கரைத்துக் கொடுத்தபோது ஓட்டுக் குறைபாடுகள் ஏறின. உப்புநீர் குடித்த கோழிகளின் ஓட்டுச் சுரப்பியில் மேலே சொன்ன கார்பானிக் அன்ஹைட்ரேசின் செயல் குறைந்திருந்தது. நல்ல நீருக்கு மாற்றிய பின்பும் ஓடு எளிதில் மீளவில்லை. நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் கோடையில் இறங்க இறங்க உப்பு ஏறுகிறது. உப்பு ஏறும் மாதமும் வெயில் ஏறும் மாதமும் ஒன்றாகவே இருப்பதால், பழி முழுதும் வெயிலின்மேல் விழுந்துவிடுகிறது. மழைக்காலத்தில் எடுத்த நீர்ப் பரிசோதனைச் சீட்டை ஏப்ரலில் காட்டுபவர்களிடம் நான் புதிதாக ஒன்று எடுத்து வரும்படி சொல்லிவிடுவேன். அதோடு, மொட்டை வெயிலில் ஓடும் குடிநீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும் நீரைக் கோழி குடிக்காது. குடிக்காத கோழி தின்னாது.

வைட்டமின் சியைக் கோழி தானே ஆக்கிக்கொள்ளும் என்றாலும், கடும் வெப்பத்தில் தேவை அதை மிஞ்சுகிறது. கிலோ தீவனத்துக்கு 200 மில்லிகிராம் அளவில் சேர்ப்பது வீணாகாது. வைட்டமின் டி3 இன்றிக் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. அதற்கான கடத்துப் புரதத்தை 1966இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்ததும் கோழிக்குஞ்சின் குடலில்தான். ஆனால் முறையாக வாங்கிய பிரீமிக்ஸில் (தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் கலவையில்) இதற்குக் குறைவிருக்காது. வெயிலில் கிடந்த பழைய மூட்டையாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

செய்த மாற்றம் பலன் தந்ததா என்பதை உடைசலை எண்ணி முடிவு செய்ய வேண்டாம். கூண்டின் சரிவு, சேகரிக்கும் ஆளின் கை, ட்ரேயின் தரம் எல்லாம் அதில் கலந்துவிடும். ஐந்து பக்கெட்டுகளில் உப்பைக் கரைத்து, ஹைட்ரோமீட்டரால் அளந்து, ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.070, 1.075, 1.080, 1.085, 1.090 என வைத்துக்கொள்ளுங்கள். அன்று இட்ட முட்டைகளைக் குறைந்த கரைசலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் விடுங்கள். முட்டை எந்தப் பக்கெட்டில் மேலே எழுகிறதோ அதுவே அதன் அளவு. ஓடு தடிக்கத் தடிக்க முட்டை மிதக்க அடர்ந்த கரைசல் வேண்டும். 1.080க்குக் கீழேயே மிதப்பவை பெருகினால் உடைசல் பெருகும். கரைசலும் முட்டையும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் எடுத்த முட்டைகளையே ஒப்பிட வேண்டும்.

வயதான கோழியில் முட்டை பெரிதாகும், படியும் ஓட்டின் அளவோ அவ்வளவாகக் கூடாது. எழுபது வாரம் கடந்த பேட்சை முப்பது வாரக் கோழியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தோல்முட்டை திடீரென ஒரே வாரத்தில் வந்து, பழுப்பு முட்டையாயின் நிறமும் வெளிறி, வெண்கருவும் நீர்த்திருந்தால், அது தீவனத்தின் சிக்கலாக இராது; ஐ.பி. (தொற்று மூச்சுக்குழல் அழற்சி), ஈ.டி.எஸ். (முட்டை வீழ்ச்சி நோய்) போன்ற நோய்களுக்காக இரத்த மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பேட்சின் வயது, ஏப்ரலில் எடுத்த நீர்ப் பரிசோதனையின் குளோரைடு அளவு, ஒரு கோழி நாளொன்றுக்குத் தின்னும் கிராம், தீவனத்தில் உப்பும் சோடாவும் டன்னுக்கு எவ்வளவு, சுண்ணாம்பில் கல் எத்தனை பங்கு என்ற விவரங்களைப் பின்னூட்டத்தில் எழுதினால், எதை முதலில் மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.