வெள்ளைக் கோட்டு டாக்டர் யாருக்குப் பாடம் நடத்தினார்?

கேள்வி: எனக்கு 28 வயது, விரைவில் திருமணம். "இப்போதைய ஆபாசப் படங்களைப் பார்க்காதே. 1970 வாக்கில் வந்த வெளிநாட்டுப் படங்களைப் பார், டாக்டரே வந்து விளக்குவார்" என்கிறார் வேலையிடத்து அண்ணன் ஒருவர். அவை உண்மையிலேயே பாலியல் கல்விப் படங்களா? (ஈசூன் வாசகர்)

பதில்: டாக்டர் வருவார், அதில் பொய்யில்லை. மேசை, வெள்ளைக் கோட்டு, சுவரில் உடற்கூற்றுப் படம் எல்லாம் இருக்கும். ஆனால் அவர் பேசுவது உங்களிடமல்ல, நீதிபதியிடம். சமூகத்துக்கு எள்ளளவும் பயனில்லாத படைப்பைத்தான் ஆபாசமென்று தடுக்க முடியும் என்ற அளவுகோல் 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு புத்தக வழக்கில் எழுந்தது. அந்த எள்ளைக் காட்டத்தான் டாக்டர் வேடம். தொடக்கத்தில் ஓர் உரை, முடிவில் ஓர் உரை, இடையில் வழக்கமான சரக்கு. 1973இல் அதே நீதிமன்றத்துக்கு வந்த மில்லர் வழக்கு அளவுகோலை மாற்றியது. படைப்பை முழுதாகப் பார்த்து, கலை, இலக்கியம், அரசியல், அறிவியல் இவற்றில் கனமான மதிப்பு உண்டா என்று கேட்டார்கள். கோட்டு மட்டும் இனிக் காப்பாற்றாது.

தந்திரம் அதற்கும் முந்தையது. 1934 முதல் கடுமையாக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள் பிரசவக் காட்சியையும் பால்வினை நோய் பற்றிய பேச்சையும் பெரிய ஸ்டூடியோக்களுக்கு மறுத்தன. அந்த இடைவெளியில் புகுந்தவர் அமெரிக்கத் தயாரிப்பாளர் குரோகர் பாப். அவருடைய 'மாம் அண்ட் டாட்' (1945) படத்துக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் காட்சிகள். நடுவில் ஒரு சொற்பொழிவாளர், அரங்கில் தாதி உடையில் பெண்கள், கையோடு விற்பனைக்குப் புத்தகங்கள். கெட்டிக்கார வியாபாரி!

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவும் கூடாது. 1967இல் வந்த 'ஹெல்கா' மேற்கு ஜெர்மனியின் சுகாதார அமைச்சு ஆதரவோடு எடுத்த நிஜமான கல்விப் படம். இந்தியிலும் 1974இல் பி.கே. ஆதர்ஷ் 'குப்த் க்யான்' எடுத்தார்.

கேள்வி: அப்படியென்றால் அவற்றில் கற்க ஒன்றுமே இல்லையா? (அதே வாசகர்)

பதில்: உடலுறுப்புகளின் பெயர் கற்கலாம். எய்ட்ஸ் முதலில் பதிவானதே 1981இல், ஆகவே எச்ஐவி பற்றி ஒரு சொல்லும் இராது. இருவரின் சம்மதம், வலி, தயக்கம் இவையும் அநேகமாகப் பேசப்படா. உங்களுக்குத் தேவையானது அதுதான்.

ஆணுறையின் காலாவதித் தேதியைப் பாருங்கள், பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, விறைப்பு வந்தபின் அடிவரை உருட்டுங்கள். வெளியே எடுக்கும்போது அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் உறையோடு தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் ஆகாது. எண்ணெய்ப்பசை ரப்பரை நலிவாக்கும், உறை கிழியும். நீர் சார்ந்த ஜெல் போதும். முதலிரவிலேயே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற அவசரமே பல ஜோடிகளுக்கு வலியைத் தருகிறது. தசை இறுகி உடலுறவே முடியாத நிலை தொடர்ந்தால் வெட்கப்படாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அது சிகிச்சையில் சரியாகக்கூடியது.

கேள்வி: அப்பாவின் அலமாரியில் 'கல்விப் படம்' என்று எழுதிய பழைய விஎச்எஸ் டேப்புகள் கிடைத்தன. வைத்துக்கொள்ளலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: சிங்கப்பூர்த் திரைப்படச் சட்டப்படி ஆபாசப் படத்தைக் கைவசம் வைத்திருப்பதே குற்றம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல, உள்ளே இருப்பதுதான் கணக்கு. படியெடுக்கவும், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். உள்ளே என்னவென்று பார்க்கும் ஆசையில் பிளேயரிலும் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் சுருள் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் அது பிளேயரில் டேப்பைப் படிக்கும் 'ஹெட்' பாகத்தில் ஒட்டி, அடுத்துப் போடும் குடும்பத் திருமண டேப்பையும் கெடுக்கும்.