வண்டியே வீடு என்றால், வீட்டு வேலை யாருக்கு?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் நியூசிலாந்தின் தெற்குத் தீவை மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி) 12 நாள் சுற்றப் போகிறோம். ஆறு பேர் படுக்கலாம் என்கிறார்கள். ஆனால் போய் வந்த சிலர், ஊர் அழகு, நட்புதான் கெட்டுப்போச்சு என்கிறார்கள். அப்படி என்னதான் நடக்கும்?

பதில்: பெரும்பாலும் கழிப்பறையில்தான் ஆரம்பிக்கும். வண்டியில் இருக்கும் கழிவுப் பெட்டி சுமார் 20 லிட்டர்தான் கொள்ளும், ஐந்து பேர் என்றால் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும், யாராவது ஒருவர் அதை இழுத்துப்போய் டம்ப் ஸ்டேஷனில் (வண்டிக் கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள இடம்) கொட்டி, அலசி, மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். எங்கள் பயணத்தில் முதல் நான்கு நாளும் ஒரே நண்பன்தான் அதைச் செய்தான். நாங்கள் டெகாப்போ ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் காலை அவன் யாரிடமும் பேசவில்லை. தப்பு எங்கள்மேல்தான். அன்றைக்கே முறை போட்டோம், ஆனால் அதைக் கிளம்பும் முன்பே செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்துவிடுங்கள்.

அப்புறம் படுக்கை. ஒரு படுக்கை, சாப்பாட்டு மேஜையை இறக்கி அதன்மேல் மெத்தை விரிப்பதாக இருக்கும். அங்கே படுப்பவர் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை தூங்க முடியாது, காலையில் முதல் ஆள் காபி போட எழுந்தால் அவரும் எழுந்தாக வேண்டும். ஒரே ஆளைப் பன்னிரண்டு நாளும் அங்கே விட்டுவிடாதீர்கள், பாவம். இன்னொன்று, ஆறு படுக்கை என்றால் பெல்ட் உள்ள இருக்கையும் ஆறு என்று அர்த்தமில்லை, வண்டி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் மழை பிடித்துக்கொண்டால் ஐந்து நனைந்த ஜாக்கெட்டும் ஐந்து ஜோடி ஷூவும் உள்ளே வந்துவிடும், அவற்றுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

கேள்வி: தினமும் மின் இணைப்பு உள்ள இடத்தில்தான் தங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விளக்கும் தண்ணீர் பம்பும் பேட்டரியில் ஓடும், அடுப்புக்கு காஸ் இருக்கும். வழக்கமான 230 வோல்ட் பிளக் பாயிண்ட் மட்டும் வெளி மின் இணைப்பு கொடுத்தால்தான் வேலை செய்யும். மவுண்ட் குக் அடிவாரத்து ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் மின் இணைப்பு கிடையாது, எங்களுக்குப் பயணத்திலேயே மிகப் பிடித்த இரவு அங்கே கழித்ததுதான். இரண்டு இரவு அப்படி, மூன்றாம் இரவு மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க் (வசதிகள் உள்ள கட்டண முகாம்) என்று வைத்துக்கொண்டால் துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அங்கே முடிந்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடத் தரையில் விடாதீர்கள், அதையும் டம்ப் ஸ்டேஷனில்தான் விட வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கவும் கூடாது, அபராதம் போடுவார்கள்.

கேள்வி: ஒருவரே ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. குறைந்தது இரண்டு பேர் பெயரை வாடகை ஒப்பந்தத்தில் சேருங்கள். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி என்றால் திறந்த சாலையிலும் மணிக்கு 90 கி.மீ.தான். ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். வட்டப் பலகையில் உங்கள் பக்க அம்புக்குறி சின்னதாகச் சிவப்பாக இருந்தால் நின்று எதிர் வண்டிக்கு வழிவிட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை, அவர் தூங்கக் கூடாது. பின்னால் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு: கிளம்பும் முன் அலமாரித் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். எங்களுக்கு முதல் வளைவிலேயே தட்டுகள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன.