பாஸ்க் அருங்காட்சியகம்: கேட்டதும் சொன்னதும்

பயோன் நகரத்து பாஸ்க் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

ஸ்பெயின் போகிறோம். வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?

பயோன் இருப்பது பிரான்ஸில், அதன் தென்மேற்கு மூலையில். பாஸ்க் மக்கள் வாழும் பாஸ்க் நாடு பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லைக்கு இருபுறமும் பரந்திருப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வரும். நீவ் ஆற்றங்கரையில் தகுரெத் இல்லம் என்ற பழைய வீடுதான் அருங்காட்சியகம். 1922இல் தொடங்கியது, 1989 முதல் 2001 வரை மூடிக் கிடந்தது. அரை நாளாவது வேண்டும்.

ஒரே ஒரு பொருளைப் பார்க்கலாம் என்றால் எதை?

அர்கிசைஓலா. செதுக்கு வேலை செய்த சிறு மரப்பலகை, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய மெழுகுத்திரி. முற்காலத்தில் இறந்தவர்களைத் தேவாலயத் தரைக்கடியில் புதைத்தார்கள். பிறகு கல்லறைகள் வெளியே போய்விட்டன. ஆனால் தேவாலயத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய இடம் மட்டும் மாறவில்லை. வீட்டுப் பெண் அங்கே அமர்ந்து, இறந்தவர்களுக்காகத் திரியை ஏற்றி, எரிய எரிய அதை அவிழ்த்துவிடுவாள். சில பலகைகளைத் தள்ளி நின்று பாருங்கள்: தலை, உடல், கால் என்று மனித உருவம் தெரியும். நான் மற்றக் கூடங்களை அவசரமாக முடித்துக்கொண்டு இதனிடம் திரும்பி வந்தவன்.

சாய்ந்த மரப்பாத்திரம் ஒன்றைப் படத்தில் கண்டேன். தச்சர் கை தவறிவிட்டதா?

இல்லை. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஆட்டுப்பால் கறக்க அந்தச் சாய்வு. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வது. மரத்தை அடுப்பில் ஏற்ற முடியாதே! பழுக்கக் காய்ச்சிய கற்களைப் பாலுக்குள் போட்டுக் காய்ச்சினார்கள்; தயிரில் இலேசான தீய்ந்த மணம் அதனால்தான். பாத்திரத்தின் பெயர் ‘கைக்கு’.

பார்த்தீர்களா, ‘கைக்கு’ என்பது தமிழ் போலவே ஒலிக்கிறது! அப்படியானால் பாஸ்க் தமிழுக்கு உறவா?

உறவில்லை, ஐயா. பாஸ்க் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனிமொழி. ஒட்டு மேல் ஒட்டு வைக்கும் வழக்கம் மட்டும் நமக்குப் பழகியது: ‘எச்செ’ வீடு, ‘எச்செதிக்’ வீட்டிலிருந்து. இதை வைத்துக் குமரிக்கண்டம் வரை போய்விடாதீர்கள்.

மக்கிலா என்ற பாஸ்க் கைத்தடியில் இருக்கும் தழும்புகள் எப்படி வருகின்றன?

மெட்லர் மரத்தின் உயிருள்ள கிளையில் வசந்தத்தில் கத்தியால் கீறிவிடுவார்கள். காயம் ஆறும்போது மேடிடும். குளிர்காலத்தில் வெட்டி, பட்டை நீக்கி, ஆண்டுக்கணக்கில் உலர்த்துவார்கள். கைப்பிடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே கூரிய இரும்பு முனை.

எங்கள் தூத்துக்குடிக்கு வந்த சேவியர் பாஸ்க்காரர் என்கிறார்களே?

உண்மைதான். 1506இல் நவார் நாட்டில் பிறந்தவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இம்மக்களின் தாய்மொழி மலபார், தன்னுடையது விஸ்காயம், அதனால் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை என்று 1544இல் கடிதம் எழுதினார். மலபார் என்றது தமிழை, விஸ்காயம் என்றது பாஸ்க்கை. இன்னொன்று: சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர், அதன் மூலம் ‘எச்செபெரி’, அதாவது புது வீடு. உங்கள் தெருவில் சேவியர் யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள்.