பச்சை பட்ஜி ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறக்குமா?

மஞ்சக்குப்பத்தில் வாங்கிய பச்சை பட்ஜி (சிறு வளர்ப்புக் கிளி) ஜோடிக்கு முட்டையிடக் கட்டிய பானையில் ஒரு நீலக் குஞ்சு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பட்ஜியில் பச்சை ஓங்கு நிறம், தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும்; நீலம் ஒடுங்கு நிறம், இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். இரண்டு பறவையும் நீலத்தை மறைவாகச் சுமந்தால் சராசரியாக நான்கில் ஒன்று நீலமாக வரும். நீல ஜோடிக்குப் பச்சைக் குஞ்சு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கூண்டில் இன்னொரு சேவல் இருக்கிறதா என்று பாருங்கள்!

லுட்டினோ (சிவப்புக் கண் கொண்ட மஞ்சள் பட்ஜி) கணக்கு வேறு, அது பாலினத்தோடு பிணைந்தது. லுட்டினோ சேவலைப் பச்சைப் பெட்டையோடு விட்டால் பெட்டைக் குஞ்சுகள் அத்தனையும் சிவப்புக் கண்ணோடு வரும், சேவல்கள் சாதாரணக் கருங்கண்ணோடு. பானைக்குள்ளேயே ஆண், பெண் தெரிந்துவிடும். மஞ்சளெல்லாம் லுட்டினோ ஆகாது, கண் சிவந்திருக்க வேண்டும். வெள்ளை உடலில் அதே கண் இருந்தால் அல்பினோ. வளர்ந்த சேவலுக்கு மூக்கு (அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி) நீலம், பெட்டைக்குப் பழுப்பு என்ற வழக்கமான அடையாளம் இவற்றில் செல்லாது. சேவலின் மூக்கும் இளஞ்சிவப்பாகவே நிற்கும். ஜோடி என்று நம்பி இரண்டு சேவலை வாங்குவது இதனால்தான்.

உங்கள் நீலக் குஞ்சைக் கூடப் பிறந்ததோடு சேர்க்காதீர்கள். திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரியிலோ வளர்ப்பவர் யாரிடமாவது ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வயதாகும்வரை பானை கட்ட வேண்டாம்.